நான்கு செயற்கைக்கோள்களும் ஒன்பதாவது வழியும்

தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில் ஒரு விண்வெளி அலுவலகத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எங்கள் வீடு இருந்த கரமனையில் பஸ் ஏறினேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் பம்பாய் வரனுக்குச் சரி சொல்லிவிடுவதாக அப்பா தீர்மானமாக இருந்தார். பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் முதலிலேயே போட்ட நிபந்தனை. ஜாதகத்தோடு சேர்த்து எழுதி அனுப்பத்தானா எம்.எஸ்ஸி. கணிதம் படித்தேன் என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் சிரிப்பைக் காசு கொடுத்து வாங்குகிறவர்போல இருந்தார். நான்கு செயற்கைக்கோள்கள், நான்கு சுற்றுப்பாதைகள், பாதைக்கு ஒன்று. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு பாதை ஆகாது. அந்த ஆகாத பாதையும் கோளுக்குக் கோள் வேறு. எத்தனை விதமாக அனுப்பலாம் என்று கேட்டார்.

கட்டுப்பாடே இல்லாவிட்டால் இருபத்துநான்கு விதம். அதில் ஒரு கோள் தனக்கு ஆகாத பாதையில் போய் உட்காருவது ஆறு விதம். நான்கு கோளுக்குமாக இருபத்துநான்கைக் கழித்தேன். பூஜ்யம் வந்தது. சாக்பீஸ் வியர்வையில் வழுக்கியது. அப்படியானால் ஒன்றையும் அனுப்ப வேண்டாமா என்று அவர் மலையாளத்தில் கேட்டார். கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன்.

அப்போது அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். வீட்டு விசேஷங்களுக்கு இலை எண்ணும்போது தெருவில் தீட்டுக்காரர்களைக் கழிப்பாள், பிறகு விரதக்காரர்களைக் கழிப்பாள். ஒருமுறை தீட்டும் விரதமுமாக இருந்த ஒரு மாமியை இரண்டு தடவை கழித்து, பந்தியில் ஒரு இலை குறைந்து, அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். நானும் அதையேதான் செய்திருந்தேன். இரண்டு கோள்கள் சேர்ந்தே தப்பான இடத்தில் இருக்கும் விதங்களை இரண்டு தடவை கழித்திருக்கிறேன். பன்னிரண்டைத் திரும்பக் கூட்டினேன். மூன்று மூன்றாகப் பார்த்து நான்கைக் கழித்து, நான்கும் சேர்ந்து தப்பாக இருப்பதற்காக ஒன்றைக் கூட்டினேன். ஒன்பது வந்தது.

ஒன்பதையும் எழுதிக் காட்டச் சொன்னார் நடுவில் இருந்தவர். எட்டு கிடைத்தது. எவ்வளவு மாற்றிப் போட்டும் ஒன்பதாவது வரவில்லை. ஒன்பதாவது என் கண்ணில் படவில்லை, ஆனால் அது நிச்சயம் இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். போகலாம் என்றார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும்போது, கரமனைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, ஒன்பதாவது தானாக வந்தது. டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"மத்தியானமே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பம்பாய்க்குப் பேசிட்டேன். சரின்னு சொல்லிட்டேன். அவா வேற இடம் பாக்கறான்னு கேள்விப்பட்டேன், பயமா இருந்தது."

எங்கள் வீட்டில் அப்பாவை எதிர்த்து யாரும் பேசியதில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா. ஆனா லெட்டர் வந்தா நான் வேலைக்குப் போவேன். அதையும் அவாகிட்ட சொல்லிடுங்கோ."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி பூத்தை நோக்கி நடந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல், கையில் டிக்கெட்டோடு நின்றேன். பின்னாளில் அந்த அலுவலகத்தில் எத்தனையோ ராக்கெட் கிளம்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்பா தெருமுனையில் திரும்பி வரும்வரை நான் பட்ட பயத்துக்கு அதெல்லாம் கால்தூசி பெறாது.