ஒரே பாட்டுக்கு மூன்று கட்சிகள்

கசெற் சுழலத் தொடங்கியதும், பாட்டு வருவதற்கு முன்னால், தாச்சியில் எண்ணெய் காயும்போது எழுவதைப் போன்ற ஒரு மெல்லிய இரைச்சல் வரும். அதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். சமையலறையான "குசினி"யில் அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டுவார், அப்பா கதிரையின் நுனிக்கு வருவார், சித்தப்பா நிலத்தில் சம்மணமிட்டுக் கண்களை மூடிக்கொள்வார். சிட்னியில் ஹோம்புஷ் ரயில்பாதைக்கு அருகே, ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு வாடகை வீட்டில், என் சிறுவயதின் சனிக்கிழமைகள் இப்படித்தான் தொடங்கின. இன்னும் சில நிமிடங்களில் அங்கே ஒரு பெரிய சண்டை மூளப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சண்டை மூன்று பியானோக்காரர்களைப் பற்றியது. அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் நேரில் கண்டதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து 1984இல் நாங்கள் வந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு ஒரு பொறியியல் அலுவலகத்தில் படம் வரையும் வேலை கிடைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் குடியேறிய குடும்பமொன்று தந்த கசெற் றெக்கோடர் வீட்டில் இருந்ததே தவிர, போட்டுக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. சேர்த்து வைத்திருந்த தமிழ்ப் பாட்டுகளெல்லாம் விட்டுவிட்டு வந்த வீட்டோடு போய்விட்டன. ஒரு குளிர்காலச் சனிக்கிழமை அப்பா நகரசபை நூலகத்துக்குப் போய் மூன்று கசெற்றுகளை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

"நாள் முழுக்க இங்கிலீசைக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு" என்றார் அம்மாவிடம். "சொல்லே இல்லாத பாட்டாத் தாங்கோ எண்டு அங்க இருந்த மனுசியிட்டைக் கேட்டன்."

மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டோம். மூன்றாவது தொடங்கியதும் அம்மா குசினியிலிருந்து ஈரக் கையோடு வெளியே வந்தார். ஊரில் எங்கள் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஆர்மோனியம் வாசித்தவர் அவர்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசி உங்களை ஏமாத்திப் போட்டா. மூண்டும் ஒரே பாட்டு!"

"உமக்கென்ன விசரே? இது வேற பாட்டு" என்றார் அப்பா.

முன்னும் பின்னும் சுழற்றி மறுபடி கேட்டோம். அம்மா சொன்னதுதான் சரி. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் தேசத்துத் தேவாலய இசைக்காரர் ஒருவர் எழுதிய நடனங்களின் கோவை அது. அதையே மூன்று பேர் தனித்தனியே பியானோவில் வாசித்துப் பதிவு செய்திருந்தார்கள். அதன் நடுவில் வருகிற மெதுவான நடனத்துக்குத்தான் எங்கள் வீடு அகப்பட்டது. இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றையும் இருமுறை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் கையில் அது பயணம் புறப்படுகிறவரின் உற்சாகமாகவும், இன்னொருவர் கையில் வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறவரின் நடையாகவும் இருந்தது. ஒரே பாட்டு இப்படி இரண்டாகப் பிரியும் என்பதை அப்பாவால் நம்பவே முடியவில்லை. நம்பிய பிறகு அவரால் அதை விடவும் முடியவில்லை; நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் மூன்றையும் படியெடுத்து வைத்துக்கொண்டார்.

உறையில் அச்சிட்டிருந்த ஐரோப்பியப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம். அப்பாவின் ஆள் "ஓட்டக்காரர்". மெதுவான நடனத்தைக்கூட அவர் துள்ளலோடு, ஒவ்வொரு சுரமும் தனித்தனியே பளிச்சென்று தெறிக்க வாசிப்பார். அம்மாவின் ஆள் ஒரு பெண். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சை உள்ளே இழுப்பது கசெற்றிலேயே கேட்கும். ஆகவே அவர் "மூச்சுக்காரி". மூன்றாமவர் மிகப் பழைய காலத்தவர். அவருடைய பதிவில் ஓட்டு வீட்டின் மேல் மழை பெய்வதைப் போல ஓயாத சத்தம் ஒன்று பின்னணியில் இருந்ததால் "மழைக்காரர்" ஆனார். அவரை முதலில் யாரும் சீண்டவில்லை. அடுத்த ஆண்டு சித்தப்பா வந்து எங்களோடு தங்கிய பிறகு அவருக்கும் ஒரு கட்சி கிடைத்தது.

"இந்தக் கிழவன்தான் அண்ணி, உண்மையா வாசிக்கிறான்" என்றார் சித்தப்பா. "மற்ற ரெண்டு பேரும் ஆரோ பாக்கினம் எண்டு வாசிக்கினம்."

அதன் பிறகு சனிக்கிழமைகள் நீதிமன்றமாயின. அதற்கு எங்கள் வீட்டுப் பெயர் "வழக்கு". "உங்கட ஆள் அடுப்பில பால் வச்சுப்போட்டே வந்தவர்? ஏன் இந்த ஓட்டம்?" என்று அம்மா கேட்பார். "உம்மட ஆள் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ரயில் பெர்த்துக்குப் போய்த் திரும்பி வந்திடும்" என்பார் அப்பா. கசெற்றை நிறுத்தி, ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டு, இடது கை எங்கே உரத்துக் கேட்கிறது, இரண்டாம் முறை வரும்போது யார் புதிதாக ஓர் அலங்காரச் சுரம் சேர்க்கிறார் என்றெல்லாம் வாதிடுவார்கள். ஊரில் என்ன நடக்கிறது என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு நாள்கணக்காக ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த அந்தக் காலத்தில், அவர்கள் மூவரும் வாய்விட்டுச் சத்தம்போட்டுச் சிரித்தது "வழக்கு" நடந்த நேரத்தில்தான். அந்தச் சிரிப்புக்காகவே நான் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஆசையோடு இருந்தேன்.

என் ஒன்பதாவது வயதில், இரண்டு வீடு தள்ளியிருந்த இத்தாலியக் குடும்பம் நாட்டின் மறுகோடியிலுள்ள பெர்த்துக்குப் போனபோது, கொண்டுபோக வழியில்லாத தங்கள் பழைய பியானோவை எங்களுக்கு விட்டுச் சென்றது. அப்பாவும் சித்தப்பாவும் அதைப் பலகைமேல் வைத்து, தெருவே வேடிக்கை பார்க்க, உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதன் நடுவில் ஒரு கட்டை பழுது. எவ்வளவு அழுத்தினாலும் காதோடு பேசுவதைப் போலத்தான் ஒலிக்கும். பழுது பார்க்க வந்தவரும் கையை விரித்துவிட்டார்.

எனக்குக் கற்றுத்தந்த மிஸிஸ் ஹார்பர் நல்லவர், கண்டிப்பானவர். பதிவுகளைக் கேட்கவே கூடாது என்பது அவர் கொள்கை. "மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டால் உனக்குக் கிளிப்பிள்ளைப் புத்தி வந்துவிடும், தாளில் உள்ளதை வாசி" என்பார். நான் தலையாட்டிவிட்டு வந்து மூன்று பேரையும் கேட்பேன். பன்னிரண்டு வயதாகும்போது, அந்த மெதுவான நடனத்தை மூவரைப் போலவும் என்னால் வாசித்துக் காட்ட முடிந்தது. விருந்தினர் வந்தால் அது எங்கள் வீட்டு வேடிக்கை.

அந்த ஆண்டுதான், இசைக்கென்று தனி வகுப்பு நடத்திய ஓர் அரசுப் பள்ளியின் தேர்வுக்கு நான் போக வேண்டும் என்று அம்மா முடிவெடுத்தார். கற்றுத்தர நல்ல ஆசிரியர்கள், நல்ல பியானோக்கள், ஒரு வாத்தியக் குழு, எல்லாம் அங்கே இருந்தன, இடங்கள்தான் சில. "இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாம்" என்றார் மிஸிஸ் ஹார்பர். ஒரு வருஷம் பொறுத்தால் ஏழாம் வகுப்புச் சேர்க்கை போய்விடும் என்பதால் நாங்கள் பொறுக்கவில்லை. எந்தப் பாட்டு என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடே இல்லை. எப்படி வாசிப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது, இல்லை, மூன்றுபட்டது. "கெதியா, வேகமா வாசி பிள்ளை, சோதினை எடுக்கிறவை களைச்சுப் போயிருப்பினம்" என்று அப்பா குளியலறை வாசலில் வைத்துச் சொல்வார். "ஆறுதலா, மெதுவா வாசி, மூச்சு விடு" என்று அம்மா தலை பின்னும்போது சொல்வார். சித்தப்பா மழைக்காரரின் கசெற்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

தேர்வறையில் மூன்று பேர் இருந்தார்கள்: நடுவில் நரைத்த கூந்தலுடைய ஓர் அம்மையார், ஒரு பக்கம் தாடி வைத்த ஆசிரியர், மறுபக்கம் எதையோ எழுதிக்கொண்டே இருந்த ஓர் இளம்பெண். கறுத்து மினுங்கிய அந்தப் பெரிய பியானோவைத் தொடவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் வெளியே நடைவழிக் கதிரைகளில். நான் வாசித்தேன். முடித்ததும் தாடிக்காரர் முன்னால் சாய்ந்தார்.

"நன்றாக இருந்தது. எந்த இசைத்தட்டைக் கேட்டுப் பழகினாய்?"

அவர் குரலில் இருந்த சந்தேகம் எனக்கு விளங்கியது. கிளிப்பிள்ளை என்கிறார். இடம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"இது ஒருவருடையதும் இல்லை, ஐயா" என்றேன்.

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"மற்றவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். காட்டட்டுமா?"

அம்மையார் தலையசைத்தார். முதலில் ஓட்டக்காரரைப் போல, மணிகளைச் சிதறவிடுவது போல எட்டு வரி வாசித்தேன். முடிக்கும் முன்பே, மூடிய கதவைத் தாண்டி அப்பாவின் குரல் கணீரென்று கேட்டது:

"அது என்ர ஆள்!"

அதைத் தொடர்ந்து, "சத்தம் போடாதேங்கோ, உள்ளுக்க கேக்கும்!" என்ற அம்மாவின் குரல்.

எழுதிக்கொண்டிருந்த இளம்பெண் நிமிர்ந்தார். "யார் அது?"

"என் அப்பா. இப்போது நான் வாசித்தது அவருக்குப் பிடித்தவரைப் போல" என்றேன். அம்மையார் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு மூச்சுக்காரியைப் போல வாசித்தேன், வரிக்கு முன்னால் மூச்சை இழுத்தபடி. வெளியே அம்மாவிடமிருந்து "ஓம், ஓம்" என்று மெல்லிய ஆமோதிப்பு வந்தது. மழைக்காரரைப் போல, இடது கையை ஊன்றி, அவசரமும் அலங்காரமும் இல்லாமல் வாசித்தபோது சித்தப்பா கைதட்டியே விட்டார்.

தாடிக்காரரின் சந்தேகம் எங்கோ போய்விட்டிருந்தது. தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, இவர்கள் மூவரிடமிருந்தும் நீ எங்கே வேறுபடுகிறாய்?" என்று கேட்டார்.

இரண்டாம் பகுதியில் உச்சிக்கு ஏறுகிற இடத்தைச் சுட்டிக் காட்டினேன். ஓட்டக்காரர் அந்தச் சுரத்தைத் தாண்டிப் போய்விடுவார், மூச்சுக்காரி அதற்கு முன்னால் தயங்கி நிற்பார், மழைக்காரர் அதை ஓங்கி அடிப்பார். நான் அதைக் கேட்டும் கேட்காததுமாக வாசிப்பேன், என்றேன். ஏன் என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பியானோவில் அந்தக் கட்டை பழுது, ஓங்கி அடித்தாலும் ஒலிக்காது, முதலில் எனக்கு அழுகையாக வந்தது, பிறகு அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது, என்று உள்ளதைச் சொன்னேன்.

"இந்தப் பியானோவில் அது ஒலிக்குமே?"

"ஒலிக்கும். ஆனாலும் எனக்கு மெதுவாகத்தான் வேண்டும்."

அவர் அம்மையாரைப் பார்த்தார். "உன்னுடையதை மட்டும் இன்னொரு முறை வாசி" என்றார் அம்மையார்.

வாசித்தேன். அந்த இடம் வந்தபோது, அதுவரை தொட்ட எந்தப் பியானோவிலும் என் விரல் அறியாத ஒரு நுட்பத்தோடு, அந்தச் சுரம் கேட்டது; மெல்லியதாக, ஆனால் அறையின் மூலை வரைக்கும் போனது. இந்த முறை கதவுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை. மூன்று கட்சிகளும் வாயடைத்து இருந்தது அதுதான் முதல் தடவை.

முடிவைத் தபாலில் அறிவிப்பது வழக்கமாம். அம்மையார் அன்று வழக்கத்தைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, பதறி எழுந்த மூவரிடமும், "பெப்ரவரியில் பள்ளி தொடங்கும்போது சந்திப்போம்" என்று சொல்லிக் கைகொடுத்தார். ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அப்பா என் தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எதிரே இருந்த முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம், "மை டோட்டர், பியானோ" என்று தொடங்கிவிட்டார். அந்தக் கிழவரும் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னார்.

இப்போது 2009. நான் மெல்பனில் இருக்கிறேன். பியானோ வாசிப்பதே என் பிழைப்பு. ஹோம்புஷில் நாங்கள் இருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கசெற் போட்டுக் கேட்கிற கருவி என் மாணவர் எவர் வீட்டிலும் இல்லை. அவர்கள் நினைத்த மாத்திரத்தில் கணினியில் எத்தனையோ பேரின் வாசிப்பைத் தட்டித் தட்டிக் கேட்கிறார்கள், எவருக்காகவும் சண்டை போடுவதில்லை. சித்தப்பா கனடாவின் ரொறொன்ரோவுக்குப் போய் வெகுகாலம். அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார்.

சென்ற மாதம் இங்கே ஒரு மண்டபத்தில் அந்தக் கோவை முழுவதையும் நான் வாசித்தேன். மெல்பனின் புறநகரான மல்கிரேவில் என்னோடு இருக்கிற அம்மா முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மா மட்டும் எழவில்லை. வீடு திரும்பும்போது காரில் கேட்டேன்.

"என்னம்மா, பிடிக்கேல்லையா?"

"எனக்குக் கொஞ்சம் வேகம்" என்றார். "அப்பா இருந்திருந்தா, இது கொஞ்சம் மெதுவெண்டு சொல்லியிருப்பார்."

"அப்ப?"

"அப்ப என்ன? சரியாத்தான் வாசிச்சிருக்கிறாய்" என்றார் அம்மா.