பதக்கம் வாங்கிய எட்டு வகை

அம்பிட்டியவில் நாங்கள் வாடகைக்கு வந்த வீட்டுக்குப் பின்னால் சரிவான நிலம் இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் அதை நான்கு படிகளாக வெட்டிக் கல் அடுக்கியிருந்தார்கள். நான் கண்டியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். என் கணவருக்குப் புகையிரத நிலைய அலுவலகத்தில் வேலை. இருவருமே நாவலப்பிட்டிப் பக்கம் வளர்ந்தவர்கள். அங்கே சுற்றிலும் பச்சையாக இருந்ததெல்லாம் தேயிலை, அதில் ஒரு செடியும் எங்களுடையதல்ல. ஆகவே இஷ்டப்படி கொத்தவும் விதைக்கவும் நான்கு படி நிலம் கிடைத்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இறக்குமதித் தடை தளர்ந்து, வெளிநாட்டுச் சாமான்கள் கண்டிக் கடைகளில் மறுபடி தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம் அது. என்றாலும் நல்ல விதை எங்கும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் குடும்பமாக இருந்த என் கணவரின் அக்காவிடம் ஒரு கடிதத்தில் இதைச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு விதைக் கம்பனியின் கட்டலொக்கையே தபாலில் அனுப்பிவிட்டார். “ஆறு வகை தெரிவு செய்து எழுதுங்கள். அதற்குமேல் கேட்காதீர்கள்” என்று மேலட்டையில் பென்சிலால் எழுதியிருந்தார்.

அந்தப் புத்தகத்தை நாங்கள் படித்ததுபோல் வேறெதையும் சேர்ந்து படித்ததில்லை. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பதக்கம் அச்சாகியிருந்தது. அதன் அர்த்தம் முதல் பக்கத்தில் இருந்தது. பல கம்பனிகளின் விதைகளை ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில் விதைப்பார்களாம். செடிகளுக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். எது யாருடையது என்று தெரியாமலே நடுவர்கள் வரிசை வரிசையாக நடந்து பார்த்துப் புள்ளி போடுவார்களாம். இது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பதக்கம் இல்லாத எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

அதற்குப் பிறகுதான் சண்டை. அவருக்குக் காய்கறி, எனக்குப் பூ.

“பூவைப் பறிச்சுக் கொழம்பா வைக்கப் போற?” என்பார்.

“தக்காளி சந்தைக்குச் சந்தை கெடக்கு. பெட்டூனியா எந்தச் சந்தையில விக்குது, சொல்லுங்க” என்பேன்.

மூன்று வாரம் இழுத்து, கடைசியில் பாதிப்பாதி என்று சமாதானம் ஆனது. தக்காளி, போஞ்சி என்ற பீன்ஸ், கரட் அவருக்கு. சினியா, ஸ்வீட் பீ, பெட்டூனியா எனக்கு. அவர் தன் அழகான கையெழுத்தில் ஆறையும் எழுதி, கடிதத்தை ஒட்டாமல் என்னிடம் தந்தார். தபால் கந்தோர் என் பாடசாலைக்குப் போகும் வழியில் இருந்தது.

கியூவில் நிற்கும்போது எனக்குள் ஒன்று அரிக்கத் தொடங்கியது. கட்டலொக்கின் நடுப்பக்கத்தில் ஒரு டேலியா இருந்தது. கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட சிவப்பு. தினமும் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நுவரெலியாக் கரட் கண்டிச் சந்தையில் குவிந்து கிடக்கும்போது நாம் எதற்குக் கரட் போட வேண்டும்? பேனாவை எடுத்துக் கரட்டை வெட்டினேன். மேலே டேலியா என்று எழுதினேன். கடிதத்தை ஒட்டிப் போட்டுவிட்டுப் பாடசாலைக்கு நடந்தேன். அன்று வகுப்பில் இரண்டு முறை தப்பாகக் கணக்குப் போட்டேன்.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம். அவர் ஒரு படியை ஒதுக்கி, கரட்டுக்கென்று கல் பொறுக்கி மண்ணைச் சலித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தும் சொல்லவில்லை.

பொதி வந்தது ஒரு சனிக்கிழமை காலை. சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஆறு இல்லை, எட்டுப் பக்கெட்டுகள். அவர் முகம் மலர்ந்து, கடிதத்தை விரித்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

“அன்புள்ள தம்பிக்கும் டீச்சருக்கும். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தது...” அங்கேயே நின்றுவிட்டார்.

“எந்த ரெண்டு கடிதம்?” என்றேன்.

அவர் கடிதத்தை மடிக்கப் பார்த்தார். நான் பிடுங்கி வாசித்தேன். முதல் கடிதத்தில் யாரோ வேறு மையில் கரட்டை வெட்டி டேலியா என்று எழுதியிருந்தார்களாம். ஒரு வாரம் கழித்துத் தம்பி தனியாக இன்னொரு கடிதம் போட்டு, ஸ்வீட் பீ வேண்டாம், அதற்குப் பதில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் சின்னத் தக்காளி அனுப்பு, டீச்சரிடம் சொல்லாதே என்று கேட்டிருந்தாராம். “நீங்கள் கேட்டதையும் அனுப்பியிருக்கிறேன், வெட்டியதையும் அனுப்பியிருக்கிறேன். இனி அங்கேயே அடித்துக்கொள்ளுங்கள்” என்று அக்கா முடித்திருந்தார்.

“கரட்டையா வெட்டுன?” என்றார் அவர். “நான் மண்ணு சலிச்சத பாத்துக்கிட்டே இருந்தியே!”

“நீங்க மட்டும் என்னவாம்? நான் ஸ்வீட் பீக்குப் பந்தல் கட்டச் சொன்னப்ப கம்பு வெட்டித் தந்தீங்களே, வாயத் தொறந்தீங்களா?”

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. அடுப்பிலிருந்த தேத்தண்ணி பொங்கி வழிந்த பிறகுதான் அடங்கினோம்.

விதைத்த செய்தி வேலிக்கு அந்தப் பக்கம் போக நேரம் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான். ஊரெல்லாம் சொல்வதுபோல நாங்களும் அவரை மிஸி என்றே கூப்பிட்டோம். அவருடைய போஞ்சிப் பந்தல் எங்கள் ஒழுங்கை என்ற அந்தச் சின்னத் தெரு முழுக்கப் பேர்போனது. பதக்கக் கதையை நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்:

“பரிசு குடுத்த ஆக்கள் எங்கட மழையைக் கண்டவையோ, ரீச்சர்?”

“மழை வேற, மிஸி. ஆனா வெதை நல்ல வெதை.”

“அப்ப ஒண்டு செய்வம். உங்கட மெடல் போஞ்சிக்குப் பக்கத்தில என்ர போஞ்சியும் ஒரு வரிசை போடுவம். அவை செய்த மாதிரியே பேர் வேண்டாம், நம்பர் போடுவம். பிறகு தின்னேக்க தெரியும்தானே.”

விஞ்ஞான டீச்சரால் இதை மறுக்க முடியுமா? இரண்டாம் படியில் இரண்டு வரிசை போட்டோம். ஒரே நாள், ஒரே உரம், ஒரே வாளித் தண்ணீர்.

பதக்கங்கள் எல்லாம் அம்பிட்டியவுக்குப் பணியவில்லை. பெட்டூனியா விதை தூசி மாதிரி இருந்தது. தகரத் தட்டில் தூவி கூரை இறவாணத்துக்குக் கீழே வைத்தேன். நாற்று கடுகளவு வந்த அன்று பிற்பகல் பெய்த மழை கூரையிலிருந்து நேராக அதற்குள் கொட்டியது. ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்வீட் பீ என் தோள் உயரத்துக்குக் கொடியேறி, மூன்றே மூன்று பூ பூத்து, அடியிலிருந்து மஞ்சளானது. “நான் வேண்டாம்னு எழுதுனது சரிதானே” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் விசிலடித்தார், அவ்வளவுதான்.

அவருக்கும் அடி விழுந்தது. பெரிய தக்காளிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து, பூவெடுத்து, பிஞ்சும் பிடித்திருந்த நேரம். ஒரு காலை ஒரு செடி பச்சையாகவே தலை தொங்கி நின்றது. தண்ணீர் போதவில்லை என்று இரண்டு வாளி ஊற்றினார். மறுநாள் மூன்று செடி. வேலைக்குப் போகாமல் அங்கேயே குந்தியிருந்தவரைப் பார்த்து மிஸி வேலியைத் தாண்டி வந்தார். வாடிய செடியின் தண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் எடுத்து, வெட்டுமுனையை அதற்குள் பிடித்தார். சற்று நேரத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று தண்டிலிருந்து இறங்கியது.

“இது மண்ணில இருக்கிற கிருமி. இனி மருந்தில்லை” என்றார், நோயாளியின் வீட்டாரிடம் சொல்லும் அதே தணிந்த குரலில். “பிடுங்கி எரியுங்கோ. இந்தப் படியில இரண்டு வருசம் தக்காளி வேண்டாம்.”

என் கணவர் பத்துச் செடியையும் தானே பிடுங்கினார். அன்று மாலை சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் நாலாம் படிக்குப் போய், அவர் என்னிடம் மறைத்து வரவழைத்த சின்னத் தக்காளியைப் பார்த்தேன். அந்தப் படிக்கு நோய் வரவில்லை. முதல் கொத்து பழுத்திருந்தது. பறித்துக்கொண்டு வந்து அவர் தட்டோரத்தில் வைத்தேன். ஒன்றைக் கடித்தார், கண்ணை மூடினார்.

“இனிப்பா இருக்கு” என்றார். “நீயும் ஒண்ணு எடு.”

கரட் வந்தது, ஆனால் சலித்த மண்ணுக்கு அடியிலிருந்த கல்லில் முட்டி ஒவ்வொன்றும் இரண்டு காலாகப் பிரிந்திருந்தது. காற்சட்டை போட்ட கரட் என்று அவற்றைக் கழுவிச் சன்னலோரம் வரிசையாக நிறுத்தி வைத்தார். சினியாவின் இலைகளில் மாவு பூசியதுபோல வெள்ளை படிந்தாலும் பூ மட்டும் குறைவில்லாமல் பூத்தது.

போஞ்சியை ருசி பார்த்தது ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில். இரண்டு வரிசையிலும் ஒரே அளவு காய் பறித்து, உப்பு மட்டும் போட்டு அவித்து, ஒன்று, இரண்டு என்று எழுதிய துண்டு வைத்த இரண்டு கோப்பையில் கொண்டு வந்தேன். எது எதுவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். மிஸியும் என் கணவரும் நடுவர்கள். அவர் இரண்டையும் மாறி மாறித் தின்று, “எனக்கு ரெண்டும் போஞ்சிதான்” என்று கையை விரித்துவிட்டார். மிஸி ஒன்றாம் கோப்பையில் ஒரு காய், இரண்டாம் கோப்பையில் ஒரு காய், பிறகு தண்ணீர், பிறகு மறுபடி.

“இரண்டுதான்” என்றார் உறுதியாக. “நார் ஒரு துளியும் இல்லை. என்ர போஞ்சியை எனக்குத் தெரியாதோ, ரீச்சர்?”

எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. “மிஸி, ரெண்டு வந்து... மெடல் போஞ்சி.”

அவர் என்னைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். இரண்டாம் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, மிச்சம் இருந்ததை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார்.

“சரி. குடுத்தவைக்கு நாக்கு இருந்திருக்கு” என்றார். “விதைக்கு எத்தினை காய் முத்த விட்டிருக்கிறியள்?”

“ஒண்ணும் விடலையே.”

“நல்ல ரீச்சர்! நாளைக்கு விடிய வாறன். எந்தக் கொடியை விடுறதெண்டு நான் காட்டுறன்.”

சொன்னபடி வந்து, நன்றாகக் காய்த்த நான்கு கொடிகளில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போனார். ஆனால் தன் போஞ்சியை அவர் கைவிடவில்லை. அடைமழையில் அவருடையதுதான் தாங்கி நின்றது, எங்களுடையது காய் அழுகியது. அதற்கடுத்த வருடங்களில் மழைக்கு அவருடையதையும் வெயிலுக்கு எங்களுடையதையும் இரண்டு வீட்டிலும் போட்டோம்.

டேலியாவை நான் கடைசியில் சொல்கிறேன். மே மாதம் அது பூத்தது. கட்டலொக்கில் கண்டதைவிடக் கறுப்பாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. பூத்து முடிந்து தோண்டியபோது அடியில் கைவிரல்கள் மாதிரிக் கிழங்குகள். ஒழுங்கைக் கோடியில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் வாசல் படலையில் நின்று கேட்டார், அவருக்கு ஒன்று கொடுத்தேன். அவரிடமிருந்து அவர் தங்கைக்கு, தங்கையிடமிருந்து பன்சலை விகாரைக்கு, மிஸியிடமிருந்து தாதிமார் விடுதிக்கு. இரண்டு வருடத்தில் அந்த ஒழுங்கையில் அது இல்லாத முற்றம் இல்லை. கம்பனி அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. “டீச்சர்கே மல்” என்றார்கள், டீச்சரின் பூ என்று.

என் கணவர் ஒருநாள் கடையிலிருந்து வந்து முறைப்பாடு சொன்னார்:

“ஒழுங்கை முழுக்க ஒன் பேருதான். மண்ண வெட்டி மேடு கட்டுனது நான்.”

“அப்ப நீங்களும் படலையில போய் நின்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் படிக்கு இறங்கினார், கிழங்கு பிரித்து நட அங்கே இன்னும் ஒரு வரிசைக்கு இடம் இருந்தது.