ஒரே சொல்லோடு போடிமெட்டு ஏறினோம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. எங்களைப் போலவே பிள்ளையை விடுதியில் சேர்க்கலாமா என்று மலையேறிப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யாழினிக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம். உட்கார வைத்தால் உட்காருவாள், நடக்க மாட்டாள். பேச்சு என்று அவளுக்கு வருவது ஒரே சொல்: "ண்டா". கொண்டு வா என்பதற்கு எங்கள் சிலமலைப் பக்கத்தில் சொல்லும் "கொண்டா"தான் அது. தண்ணீர், சோறு, பொம்மை, எதைக் கேட்டாலும் "ண்டா". வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தவர் மாறுதலாகிப் போனபின் வேறு யாரும் வரவில்லை. அவரை அனுப்பிய அலுவலகத்தில் கேட்டால், "பிள்ளைக்கு வீட்டுச் சூழல்தான் நல்லது" என்கிறார்கள். அந்தச் சூழல் என்பது நான் ஒருத்திதான். என் முதுகுவலியையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறைக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு விடுதியை என் கணவர்தான் விசாரித்துக் கண்டுபிடித்தார். ஒரே ஓர் இடம் காலி, திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போடியில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் ஏறினோம். போடிமெட்டு வரை சுமார் இருபத்தாறு கிலோமீட்டர், முக்கால்வாசி வளைவுகள்.

சக்கர நாற்காலியை டிரைவர் மேலே கட்டினார். "அக்கா, பாப்பாவ மடில வச்சு முன்னாடி உக்காருங்க. வளைவுல மெதுவாத்தான் ஒடிப்பேன்."

பின்னாலிருந்து ஓர் அம்மா, "ஏண்ணே, போன வாரம் எம்மூக்கு கம்பில மோதுச்சே, அன்னிக்கு இந்த அக்கறை எங்க போச்சு?" என்றார்.

"நீ லோடு, ஆத்தா. அவுக பாசஞ்சரு!"

யாழினியும் சிரித்தாள்.

விடுதி சுத்தமாக இருந்தது. சாய்தளம், பிடித்து நடக்கக் கம்பிகள், பயிற்சியாளர் எல்லாம் உண்டு. குறை தேடித்தான் போனேன், கிடைக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பெற்றவள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பழகாது என்று எங்களை வெளியே நிறுத்தினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயா தட்டை நீட்டினார். "ண்டா" என்றாள் யாழினி. ஆயா தட்டைப் பின்னால் இழுத்தார். "ண்டா, ண்டா" என்று இவள் கத்தினாள். ஆயா அவள் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

எனக்குப் புரியவே சற்று நேரமானது. மலையாளத்தில் "வேண்டா" என்றால் வேண்டாம்.

உள்ளே ஓடினேன். "மோளு வேண்டா, வேண்டான்னு பறஞ்ஞு அம்மே, அதான் எடுத்தேன்" என்றார் ஆயா. விஷயம் தெரிந்ததும் கண் கலங்கி, தன் கையாலேயே ஊட்டிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பொறுப்பாளர் அம்மா சிரித்தபடி சொன்னார்: "கவலைப்படாதீங்க, ரெண்டு மாசத்துல இங்கத்த பேச்சு பழகிரும்."

அந்த ஒரு சொல் அவள் வாயில் வர நாலு வருடம் ஆனது. கேட்கக் கேட்கத் தட்டு போகும் இடத்தில் பிள்ளை ஒருநாள் கேட்பதையே நிறுத்திவிடும். அதற்கும் பழகிவிட்டாள் என்றுதான் பெயர்.

இறங்கும்போது கணவர் சொன்னார்: "அதான் சொல்லிட்டேல்ல, இனி அவுகளுக்குத் தெரியும்."

"ஆயா மாறுனா?"

"உனக்கு மட்டுந்தான் புரியும்னா, நாளைக்கு நீ இல்லாமப் போனா அவ யாருகிட்ட கேப்பா?"

அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

போகிறவர்களுக்கு: வாந்திக்குப் பையும் பழைய துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன் இருக்கையை முந்தின நாளே சொல்லி வையுங்கள். விடுதியின் அலுவலக அறையைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள், சோறு போடும் நேரத்தில் நில்லுங்கள். ஊட்டப் போகிறவரிடம் பிள்ளையின் பேச்சை நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

விடவும் முடியவில்லை, தனியாகத் தூக்கவும் முடியவில்லை. சிலமலை, தேவாரம், போடிப் பக்கம் இப்படிப் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்கள் இரண்டு பேர் கிடைத்தால், எங்கள் முன்னறையில் பகலில் மட்டும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து முறை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சியாளரையும் சேர்ந்தே அழைக்கலாம். திங்கட்கிழமை நான் விடுதிக்காரர்களுக்கு ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்குள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.