ஆறாவது பலகையின் வரைபடம்

2023 ஒக்ரோபர் 12, வியாழன். ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தேன். பிரின்ரரைத் துடைத்து, சோதனைத் தாள் ஓட்டி, அன்றைய ஓடர்களை மேசையில் வரிசையாக வைத்தேன். ஸ்கார்பரோவில் எங்களுக்கு வருவது பெரும்பாலும் பிறந்தநாள் பானர், நினைவு மலர்.

அன்று ஒரு கிரேக்க ஓடரும் இருந்தது. எலெனி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, நூறு வருடங்களுக்கு முன் சுட்டுக் கொல்லப்பட்ட கிரேக்க ராஜதந்திரி ஒருவரைப் பற்றி ஆறு கண்காட்சிப் பலகைகள் கேட்டிருந்தார். கொல்லப்பட்டவர் எழுத்தாளர், தீவிரத் தேசியவாதி. கண்காட்சி மறுநாள் மதியம். எலெனியோடு சேர்ந்து அதைத் திறந்துவைக்க இருந்தவர் அவருடைய பக்கத்து வீட்டுத் துருக்கியர் கெமால். அவரைச் சம்மதிக்க வைக்க எலெனி பல மாதம் பாடுபட்டிருந்தார்.

ஆறாவது பலகையை வெட்டும்போது வாசித்தேன். துருக்கிய ஆட்சியிலிருந்த ஊர்களில் கொன்சலாக, அதாவது கிரேக்கத் தூதரக அதிகாரியாக இருந்து, அவை கிரேக்கத்தோடு சேர உழைத்த அந்த ராஜதந்திரி, பிற்காலத்தில் கிரேக்கரும் துருக்கியரும் ஒரே அரசில் சமமாக வாழலாம் என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேலே முதலாளி ஜெயம் அண்ணை கீறிய வரைபடம். துருக்கியின் கரையோரமும் கிரேக்கத்தோடு சேர்ந்து, எல்லாம் கிரேக்கக் கொடியின் ஒரே நீலம். சுற்றிவரத் தடித்த எல்லைக்கோடு. எங்கள் தமிழ் ஆட்களுக்குத் தாயகப் படத்தை அப்படித்தான் செய்து பழகியவர்.

வெட்டுவதை நிறுத்தினேன்.

“அண்ணை, உதைப் பாத்தா கெமால் எழும்பிப் போயிடுவார்.”

“உமக்கேன் உந்தக் கவலை? அச்சடிக்க முன்னம் அனுப்பின புரூவை அவ பாத்து ஓம் எண்டு சொல்லிப்போட்டா.”

“போனில சின்னனாத்தானே பாத்தவ.”

“நாட்டைச் சின்னனாக் கீறித் தாங்கோ எண்டு ஒருத்தரும் என்னட்டை வரேல்லை!”

பெரிய படத்தை எலெனிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். படம் இருந்தால் கெமால் போய்விடுவார், எடுத்தால் தேசியவாதியான தன் தமையன் சத்தம் போடுவார் என்றார்.

“அந்த ராஜதந்திரி வேலைசெய்த ஊர்களை மட்டும் புள்ளிகளாகப் போடட்டுமா? எல்லை இல்லாமல்?” என்று கேட்டேன்.

“எல்லை எங்கே என்று தமையன் கேட்பார்.” பிறகு அவரே சொன்னார்: “கேட்கட்டும். போடுங்கள்.”

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது இதுதான்: படத்தைச் சரிபார்த்தால் போதாது. அதன் கீழுள்ள எழுத்தையும் வாசியுங்கள். இரண்டும் சண்டை பிடிக்கின்றனவா என்று பாருங்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் புதிய பலகையை அச்சிட்டேன். எடுக்க வந்த எலெனியோடு கெமாலும் வந்திருந்தார். ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, “என் அப்பாவின் ஊர்,” என்றார். பிறகு எலெனியோடு சேர்ந்து சுமக்கப் பலகையின் ஒரு முனையைத் தூக்கினார்.