ஐந்தாம் பாகத்துக்கு அம்மாவை அழைத்துப்போனோம்

நேற்று என் செல்போன் தானாகவே ஒரு படத்தைச் சிபாரிசு செய்தது. ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று கீழே ஒரு குறிப்பு வேறு. பார்த்தால், அந்தக் குத்துச்சண்டைப் படத்தின் ஐந்தாம் பாகம். பிடிக்குமாம்! நான் என்ன செருப்பு வாங்குவேன் என்பதுவரை தெரிந்த போனுக்கு இது தெரியவில்லை பாருங்கள்.

முதல் நாலு பாகங்களை நாங்கள் குறை சொன்னதே இல்லை. நாலும் ஒரே கதைதான். ஹீரோ அடி வாங்குவார், மூஞ்சி வீங்கும், மனைவி அழுவாள், கடைசி ரவுண்டில் எழுந்து எதிராளியை வெளுத்து வாங்குவார். தாம்பரம் தியேட்டரில் விசில் காதைப் பிளக்கும். இங்கிலீஷ் வசனம் ஒருவருக்கும் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

என் சிநேகிதன் ஸ்டான்லி மட்டும் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டான். சிட்லபாக்கத்தில் அவன் வீட்டுப் பின்பக்க மாமரத்தில் மணல் அடைத்த கோணிப்பையைத் தொங்கவிட்டுக் குத்துவான். நானும் ஒரு நாள் குத்திப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டேன். அன்றிலிருந்து நான் கோச்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்க்கார் வேலைக்கான குத்துச்சண்டைத் தேர்வுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். ஒரே சிக்கல், அவன் அம்மா. பரீட்சையோ பல் பிடுங்குவதோ, தலையில் கைவைத்து அம்மா ஜெபம் பண்ணாமல் அவன் வாசல் தாண்டமாட்டான்.

“மூஞ்சியில குத்திக்கறதுக்கு நான் எப்படிடா ஜெபம் பண்றது?” என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் கோச்சுக்கு மூளை வேலை செய்தது. “அஞ்சாம் பாகம் வந்திருக்கு மச்சான். அம்மாவைக் கூட்டிக்கினு போவோம். கடைசியில ஜெயிச்சுப் பொண்டாட்டியக் கட்டிப் பிடிப்பான் பாரு, அவங்களே ஆசீர்வாதம் பண்ணி அனுப்புவாங்க.”

அதுவரை தியேட்டர் வாசலை மிதிக்காதவர் மகனுக்காக வந்தார். படம் தொடங்குமுன் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டு ஜெபித்தார். டைரக்டருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

இடைவேளைவரை ஒரு குத்துக்கூட இல்லை. வாங்கிய அடியெல்லாம் சேர்ந்து ஹீரோவுக்குக் கை நடுங்குகிறது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். மனைவி சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுகிறாள். “இன்னாபா இது, சண்ட எப்போ?” என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார். பத்து நிமிஷத்தில் தியேட்டரே கொட்டாவி விட்டது.

அம்மா மட்டும் கண் கொட்டாமல் பார்த்தார். இருபது வருஷம் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். டாக்டர் பேசியது அந்தத் தியேட்டரில் புரிந்த ஒரே ஆள் அவர்தான். இதை யோசிக்காதவன் கோச்சாம்.

இடைவேளை மணி அடித்ததும் எழுந்துவிட்டார். “பாதிப் படம் இருக்கும்மா” என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்டான்லியைக் கேட்டார்:

“அவனுக்குப் பொண்டாட்டி பட்டன் போட்டுவிட்டா. உனக்கு யாருடா போடுவா? நானா?”

தேர்வு நாள் காலையில் நானும் போயிருந்தேன். ஸ்டான்லி பையோடு வந்து தலைகுனிந்து நின்றான். அம்மா கை வைத்தார். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. அவன் பையைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது. அடுத்த மாதம் ஒரு கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தான்.

மீதிப் படத்தை நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். கடைசிப் பத்து நிமிஷத்தில் ஹீரோவுக்கு நடுக்கம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, கிளவுஸ் மாட்டி, ஒரே குத்தில் ஜெயித்துவிட்டார். கைதட்டுகிறவர்களில் முதல் ஆள் அந்த டாக்டர்!

பிறகு தியேட்டரை இடித்து மண்டபம் கட்டினார்கள். ஸ்டான்லி மகளின் கல்யாண ரிசப்ஷன் அங்கேதான். சக்கர நாற்காலியில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து, “அன்னிக்கு அந்தப் படத்துல… அவன் ஜெயிச்சானாப்பா?” என்றார். இத்தனை வருஷம் இதை மனசில் வைத்திருந்திருக்கிறார்! ஸ்டான்லி குனிந்து அவர் காதருகே சொன்னான்: “தோத்துட்டாம்மா. செம அடி.”

“நான் அப்பவே சொன்னேன்ல” என்றார் அம்மா. முகமெல்லாம் நிம்மதி.

இப்போது அம்மா இல்லை. மண்டபம் இருந்த இடத்தில் ஃப்ளாட். யாராவது அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால், ஹீரோ தோற்றுவிட்டான் என்றுதான் ஸ்டான்லி இன்றைக்கும் சொல்கிறான்.