பிறந்தநாள் பேனருக்குப் போன மை

தாராவியில் நான் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். ஒரு சதுர அடி அடிக்க மெஷினுக்கு என்ன செலவாகிறது என்று இன்று கணக்குப் போட்டேன்.

வந்த ஆர்டர்களைவிட மையும் ஃபிளெக்ஸும் ஏகமாகத் தீர்ந்திருந்தன.

"வேஸ்ட் பண்ணுதியாடே, இல்ல வெளிய விக்கியா?" என்று ஆபரேட்டர் செல்வத்தைக் கேட்டேன், கஸ்டமர்கள் முன்னால்.

"அண்ணாச்சி, உங்க மச்சினர் மவ சடங்கு, சித்தப்பா வீட்டுக் காதுகுத்து, எல்லா பேனரும் ஓசியிலதான அடிச்சோம்? பொறவு அது," என்று எதிர்ச் சுவரைக் காட்டினான்.

சுவர் முழுக்கக் கூலிங் கிளாஸுடன் நான். என் பிறந்தநாளுக்கு நானே அடித்து மாட்டியது.

செல்வத்திடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

பேனரின் கீழே 'இவண்: அன்புத் தம்பிகள்' என்று போட்டதும் நான்தான். அப்படி யாராவது நிஜமாகவே இருந்தால் வந்து கழற்றிவிட்டுப் போங்கள். ஊர் பார்க்க ஏணியில் ஏற எனக்கு வெட்கமாக இருக்கிறது.