நாலாம் மாடிக் கயிறு

மணி அடித்தால் கோ மியத் தூ உடனே எழுந்திருப்பதில்லை. நாலாம் மாடி பால்கனியில் மணி. அதிலிருந்து தெருவரை தொங்கும் கயிறு. நுனியில் கிளிப்பும் ஒரு பிளாஸ்டிக் பையும். இரண்டாம் தடவை அடித்த பிறகுதான் தலையை மட்டும் நீட்டுவார்.

"பேரு? என்ன கெழமையில பொறந்தீங்க?"

பதில் வந்ததும் பைக்குள் செல்போன் மேலே போகும். கொஞ்ச நேரத்தில் இணையத் தடையைத் தாண்டும் விபிஎன் சாவி ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும். அது இல்லாவிட்டால் எங்கள் யாங்கூன் தெருவில் பாதிச் செயலிகள் திறக்காது, வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. தெருவே அவரை மரியாதையாகச் 'சயா', அதாவது வாத்தியார், என்கிறது. ஆனால் ஒருவரும் படியேறுவதில்லை. கயிறு இருக்கும்போது யார் முழங்காலை நோகடித்துக்கொள்வார்கள்? எதிர் பால்கனிக்காரனான நானே ஏறியதில்லை. எதுவானாலும் இங்கிருந்தே கத்துவேன்.

அந்த விபிஎன் மென்பொருள் அரதப்பழசு. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டு, அப்புறம் எட்டிப் பார்க்கவேயில்லை. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மனைவியோடு பேசத்தான் மியத் தூ அதை நிறுவினார். முதலில் தினமும் பேச்சு. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. பிறகு அந்த அம்மாள் எண்ணையே மாற்றிக்கொண்டார். ஆளில்லாத அந்தப் பாதையைப் பிரித்துப் போட்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்து, தெருவே போகும்படி அகலப்படுத்தினார் மனிதர்.

"சும்மாதானே கெடக்குது" என்றார் என்னிடம்.

ஆளுக்கொரு சாவி. ஒரே சாவியோடு இருவர் நுழைந்தால், பின்னால் வந்தவரை ஏற்றுக்கொண்டு முன்னவரை வெளியே தள்ளிவிடும். எங்களுக்கோ குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பேரில் தெருவுக்கு நாலு பேர். அதனால் பேரோடு பிறந்த கிழமையையும் சேர்த்துச் சாவி செய்தார். ரொம்பப் புத்திசாலித்தனம்! கிழமைக்கு உரிய எழுத்தில்தானே பேரே வைக்கிறோம்? சான் சான் என்றாலே செவ்வாய்தான்.

தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்பவர் டோ சான் சான்; 'டோ' வயசுக்குத் தரும் மரியாதை. தையற்கடைப் பெண்ணும் சான் சான். ரெண்டு பேருக்கும் ஒரே சாவி. இது அப்போது யாருக்கும் தெரியாது.

அன்று டோ சான் சானின் மகனுடைய கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவிருந்தது. நடுக்கடலுக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் பேச்சில்லை. போனில் மகன் முகம் வரும், உடனே போய்விடும். அம்மாள் மணியை அடிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் ஏறிவிட்டார். போட்ட சத்தம் எதிர்வீட்டில் எனக்கே கேட்டது.

"ஏம்பா, எம் புள்ள மொகத்த ஒரு தடவ முழுசாப் பாக்க விடமாட்டியா? கப்பல் கெளம்பப்போகுது!"

"இருங்க பெரியம்மா, இருங்க..." திரையைப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ, ரெண்டு செவ்வாக்கெழம!"

"பேருலயே கெழம இருக்கு, அதத் தனியா வேற கேட்டியாக்கும்! சயாவாம் சயா!"

அவசர அவசரமாகப் புதுச் சாவி செய்தார். மகன் முகம் வந்தது, நின்றது. அம்மாள் அழுதார், சிரித்தார், பிறகு போனைத் திருப்பினார்.

"இவருதான்டா பாத போட்டவரு. சாப்பிட்டாரான்னு கேளு."

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

எங்கள் ஊரில் வழியில் போகிறவனையும் கேட்கிற கேள்விதான். மியத் தூ தலையை மட்டும் ஆட்டினார்.

பேச்சு முடிந்தும் அம்மாள் கிளம்பவில்லை. டீ கேட்டு வாங்கிக் குடித்தார், கழுவாத பாத்திரங்களுக்காகத் திட்டினார், பிறகு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். மியத் தூ பால்கனியில் நின்று, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, ரிக்‌ஷா ஓட்டும் ஊ பா செய்ன் செல்போனும் கையுமாகக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சயா! கயிறு எங்கய்யா?"

முதல் குரலுக்கே தலை நீண்டது.

"அறுந்துபோச்சண்ணே. மேல வாங்க, டீ போட்டிருக்கேன்."

சொல்லிக்கொண்டே, முழுசாகச் சுருட்டி வைத்திருந்த கயிற்றைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.